மாப்பிள்ளைக்கு வேஷ்டி கட்டத் தெரியுமா?

உங்கள் வீட்டில் கல்யாணம் வரப் போகிறதா, சகோதரி? ரொம்ப சந்தோஷம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நாதஸ்வரக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. முகூர்த்தப் புடவைக்கு ஆறு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையிலேயே எடுத்தும் ஆகிவிட்டது. எல்லாம் சரி. மாப்பிள்ளைப் பையனுக்கு வேஷ்டி கட்டத் தெரியுமா என்று யாராவது கேட்டீர்களா?

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவள்தான், போன தை மாதம் வரையில்.

திருவொற்றியூர்த் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை என் பெரியம்மாவின் மகன்; எனக்குத் தம்பி. ஆகவே மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் நான். புதுப் புடவையையும் பட்டு வேஷ்டியையும் தட்டில் வைத்துக் கொடுத்து, “சீக்கிரம் கட்டிக்கிட்டு வாங்க, முகூர்த்தம் போயிண்டிருக்கு” என்று ஐயர் அனுப்பினார். பெண் ஆறு கஜப் பட்டைக் கொசுவம் வைத்துக் கட்டி, தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு மணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையைக் காணோம்!

போய்ப் பார்த்தேன். தம்பி எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஆகாயத்தில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து முப்பது டன் கண்டெய்னரை ஒரு நூல் பிசகாமல் இறக்கி வைப்பான். ஆனால் எட்டு முழப் பட்டு வேஷ்டி அவன் கைக்கு அடங்கவில்லை. வேஷ்டியின் ஒரு பக்கம் கணுக்காலில் புரள்கிறது. மறு பக்கம் முழங்காலில் நிற்கிறது. வயிற்றில் தேங்காய் கட்டி வைத்தாற்போல் ஒரு முடிச்சு. ஒரு சிநேகிதன் கைப்பேசியில் வீடியோவைப் பார்த்து, “இடது பக்கம் இழு, இல்லை இல்லை, வலது” என்று வாசித்துக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறான். ஏழு ஊக்குகள் ஏற்கனவே வேஷ்டியில் ஏறியிருந்தன. இரண்டு இடத்தில் பட்டு நூல் இழுத்துவிட்டது.

பெரியப்பா இருந்திருந்தால் இந்தக் கோலம் வந்திருக்காது. முப்பத்திரண்டு வருஷம் சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கால்சட்டை எல்லாம் வேலைக்குப் போகும்போது மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் வேஷ்டி. ராயபுரத்தில் அவர் தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளைக்கு வேஷ்டி கட்டிவிடக் கூப்பிடுவது அவரைத்தான். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சொந்த மகனுக்குக் கட்டிவிட ஆள் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அறை வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டிப் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பின்வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் பின்னால் போய் உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

“பெரியம்மா, உங்களுக்குத் தெரியுமே! வாங்களேன்” என்றேன்.

“சுமங்கலிங்க யாராவது வரட்டும்மா. நான் எதுக்கு இதுல?”

சுமங்கலிகள் நாலு பேர் அங்கேயே நின்றோம். நாலு பேருக்கும் கொசுவம் வைக்கத் தெரியும், வேஷ்டி தெரியாது. உள்ளேயிருந்து தம்பி, “அம்மா, நீ வந்து கட்டு. இல்லேன்னா நான் பேண்டோட போய் உட்காருவேன்” என்றான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பெரியம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஏழு ஊக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தாள். வேஷ்டியை உதறினாள். இரண்டே நிமிஷம்! கரை தரைக்கு ஓர் அங்குலம் மேலே, சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது. “நட” என்றாள். நடந்தான். “உட்காரு” என்றாள். உட்கார்ந்தான். “போ” என்றாள்.

பத்து நாள் கழித்து, கல்யாண வீட்டுச் சந்தடி ஓய்ந்த பிறகு, ராயபுரத்துக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். “எனக்குச் சொல்லிக் கொடுங்கள், பத்திரிகையில் போட வேண்டும்” என்றேன். “இதைப் போயா பத்திரிகையிலே போடுவாங்க?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, கொடியிலிருந்து ஒரு பழைய வேஷ்டியை எடுத்து உதறினாள். அவள் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அளவு. ஒரு முழம் என்பது ஏறக்குறைய ஒன்றரை அடி. நாலு முழ வேஷ்டி ஒற்றை. வீட்டுக்கும் வெளி வேலைக்கும் ஆகும். எட்டு முழம் என்றால் இரட்டை. இரண்டாக மடித்துக் கட்டுவது. கல்யாணத்துக்கு எட்டு முழம்தான். ஒற்றை வேஷ்டியில் விளக்கு வெளிச்சம் ஊடுருவும். வீடியோக்காரர் போடும் விளக்கோ சூரியனுக்குத் தம்பி! பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்தவனாக இருந்தால் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அகலத்தைப் பிரித்து அவன் இடுப்பிலிருந்து பிடித்துப் பாருங்கள். மேலே இரண்டு சுருட்டு சுருட்ட வேண்டும். அதற்கும் சேர்த்துத் துணி இருக்க வேண்டும். பட்டு என்றால் சேலத்து வெண்பட்டுக்குப் பெயர் உண்டு. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பளபளவென்று மின்னும் பாலியெஸ்டரைப் பட்டு என்று நம்பி வாங்கினால், அது இடுப்பில் நிற்காமல் மீன்போல் வழுக்கும். நல்ல பருத்தி வேஷ்டி போலிப் பட்டைவிட எத்தனையோ மேல் என்பது பெரியம்மாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

உள்ளே என்ன போடுவது? வெள்ளை அரைக்கால் சட்டை. வெள்ளை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பூப்போட்ட அரைக்கால் சட்டையோடு மணமேடை ஏறிய ஒரு மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். நான் மட்டுமல்ல, மண்டபமே பார்த்தது.

இனிக் கட்டுவது. பையன் கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி நிற்க வேண்டும். காலைச் சேர்த்து வைத்துக் கட்டினால் பிறகு அடி எடுத்து வைக்க முடியாது; பொம்மை மாதிரி நகர வேண்டியதுதான். இரட்டையாக மடித்த வேஷ்டியை முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் முன்னால் பிடித்து, இரண்டும் ஒரே நீளமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பின்பக்கம் மையத்தில் நிற்காவிட்டால் முன்பக்கம் என்ன செய்தாலும் மட்டம் வராது. பிறகு ஒரு முனையை எதிர்ப் பக்க இடுப்புக்குக் கொண்டுபோய் இறுக்கிச் செருக வேண்டும். செருகும்போது அந்த முனையின் கீழ் நுனியைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்துணி வெளித்துணிக்குக் கீழே எட்டிப் பார்க்கும். அதன்மேல் மற்ற முனையைக் கொண்டுவந்து, கரை நேர்கோடாக இறங்கும்படி பிடித்து, மறுபக்கம் செருகுவது. கடைசியில் இடுப்பைச் சுற்றி மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுருட்டி அழுத்திவிடுவது. இந்தச் சுருட்டுதான் வேஷ்டியைத் தாங்குகிறது. முடிச்சு தாங்காது, ஊக்கு தாங்கவே தாங்காது.

“வயித்தை எக்கிக்கிட்டு கட்டக் கூடாது” என்பது பெரியம்மாவின் தனி உபதேசம். படம் நன்றாக விழ வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுகிறவர்கள், பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கியதும் தவிப்பார்கள்!

மேலே ஒரு பெல்ட் போடலாம். நம் பெரியவர்கள் போட்ட அந்தப் பச்சைப் பெல்ட் எவ்வளவு உபயோகமானது என்பது இப்போதுதான் தெரிகிறது. சட்டை மறைத்துவிடும். ஆனால் அதில் கைப்பேசியைச் செருகாதீர்கள். அதன் கனத்தில் ஒரு பக்கம் இறங்கும். ஒட்டும் பட்டை வைத்துத் தைத்த வேஷ்டியும் கடையில் கிடைக்கிறது. சின்னப் பையன்களுக்கும் ஓடியாடும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் சௌகரியம். பெரியம்மாவிடம் அதைக் காட்டினேன். “இது வேட்டி இல்லே, பாவாடை” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. கட்டத் தெரியாமல் ஏழு ஊக்குக் குத்துவதற்கு ஒட்டும் பட்டை மேல்.

பஞ்சகச்சம் கட்டும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இது போதாது. அங்கே ஒன்பதைந்து வேண்டும். அதாவது ஒன்பது முழ வேஷ்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம். ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் பத்தாறு. கொசுவி முன்னும் பின்னும் செருகும் அந்த வித்தையை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் எதிரில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். முகூர்த்தத்தன்று சாஸ்திரிகளே கட்டிவிட்டுவிடுவார் என்று இருக்காதீர்கள். அவருக்கு அன்றைக்கு ஆயிரம் ஜோலி.

கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது; கட்டிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். சம்மணம் போட்டு உட்காருமுன் தொடைப் பக்கத்துத் துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அப்படியே உட்கார்ந்தால் முழங்கால் துணியை இழுக்கும், இடுப்புச் சுருட்டு அவிழும். படி ஏறும்போது முன்கரையை ஒரு கையால் இலேசாகத் தூக்கிக்கொள்ளலாம். விழுந்து நமஸ்காரம் செய்து எழுந்திருக்கும்போது காலடியில் வேஷ்டி மாட்டிக்கொள்கிறதா என்று பார்த்து எழ வேண்டும். பாதி மாப்பிள்ளைகள் அவிழ்ந்து நிற்பது அங்கேதான். மடித்துக் கட்டுவது வேலை செய்வதற்கு. பெரியவர்கள் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும் என்பது நம் ஊரில் பையன்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்த மரியாதை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரே மருந்து பழக்கம். பத்து நாள் சாயங்காலம் வீட்டில் பழைய பருத்தி வேஷ்டியைக் கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போய்வரட்டும். பட்டு வேஷ்டி முகூர்த்தத்தன்று வந்தால் போதும். அது வழுக்கும் என்பதை முந்தின நாள் ஒரு தரம் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துவைப்பது நம் தலையில்தானே விழப்போகிறது? அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று பருத்தி வேஷ்டியில் மஞ்சள் கறை விழாமல் இருக்காது. சோப்புப் பட்டதும் அந்த மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறும். பயந்து தேய்த்துக் கிழித்துவிடாதீர்கள். அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, தானாக வெளுக்கும். பிறகு சொட்டு நீலம், வடித்த கஞ்சி. பட்டு வேஷ்டிக்கு வெயிலும் கூடாது, கஞ்சியும் கூடாது. நிழலில் உலர்த்தி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து வேறு மடிப்பாக மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே பட்டு விட்டுவிடும்.

வடசென்னைக்காரர்களுக்கு வேஷ்டி தெரியவில்லை என்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பக்கமே துணியால் வளர்ந்த பக்கம். திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை இருக்கிறதே, அதற்கும் பாதத்துக்கும் சம்பந்தம் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த காலட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலட் பேட்டை நம் நாக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே இருக்கும் பெருமாளுக்குப் பெயர் கல்யாண வரதராஜர்! இந்தப் பக்கம் வண்ணாரப்பேட்டை. கும்பினியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். இன்றைக்கும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் போனால் கல்யாணத்துக்கு வேண்டிய துணி அத்தனையும் ஒரே தெருவில் எடுத்துவிடலாம். கூட்டத்தில் உங்கள் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டால் சரி.

ஆண்களின் கல்யாண உடை என்று பார்த்தால் ராயபுரமே ஒரு கண்காட்சி. இராயப்பர் கோயிலில் மாலை மாற்றும் மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வருவார். 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில் இதே ராயபுரத்தில்தான் இருக்கிறது. பார்சி மாப்பிள்ளை அணியும் ‘டக்லி’ என்ற வெள்ளை அங்கிக்குப் பொத்தான் கிடையாது. நாடாவால் முடிச்சுப் போடுவார்கள். அதற்கும் ஒருவர் எதிரில் நின்று முடிந்துவிட வேண்டும் போலிருக்கிறது!

இந்த இடத்தில் பெரியம்மா தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். புது மருமகளின் தம்பி ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ நகரத்தில் படிக்கிறான். கூடப் படிக்கும் வெள்ளைக்காரச் சிநேகிதனின் கல்யாணத்துக்குப் போனவன், அந்த ஊர் ஆண்கள் கட்டும் ‘கில்ட்’ உடுத்திக்கொண்டு எடுத்த படம். கட்டம் போட்ட கம்பளித் துணி, இடுப்பில் தோல் பை, முழங்கால் வரை காலுறை.

பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். “உசரம் சரியில்லையே! முட்டிக்குக் கீழே தொங்குது பாரு” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கில்டைப் பற்றி ஒன்றும் அறியாத அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி!

ஸ்காட்லாந்துக்கும் ராயபுரத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. பெரியம்மா தன் பிள்ளைகளைப் பெற்றது ரெயினி ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரிக்கு வித்திட்ட டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர். 1888-ல் சென்னைக்கு வந்தவர். எழும்பூரில் 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிக்கொண்டது. அந்த ஊர்க் கட்டத்தையும் நம் மெட்ராஸ் கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நாம் அவர்களைப் பார்த்துத்தான் நெய்தோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய பட்டாளம் இங்கே வந்து இறங்குவதற்கு முன்பே இந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணி கப்பல் ஏறியிருக்கிறது. கட்டத்தில் கில்டுக்கு உறவு நம் கைலிதான். ஆனால் கைலியை நாம் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போவதில்லை, அவர்கள் போகிறார்கள்.

உங்கள் பிள்ளைகளில் யாராவது அந்தப் பக்கம் படிக்கவோ உத்தியோகம் பார்க்கவோ போயிருக்கலாம். கல்யாண அழைப்பும் வரலாம். ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள். முழு கில்டுக்கு எட்டு கஜம் கம்பளி பிடிக்கும். நம் எட்டு முழ வேஷ்டியைப் போல் இரண்டு பங்கு! அத்தனையும் பின்பக்கத்தில் மடிப்பாகப் போய்விடுகிறது. முன்பக்கம் தட்டையாக ஒன்றின்மேல் ஒன்று படியும். கால்சட்டையைப் போல் இடுப்பெலும்பில் கட்டக் கூடாது. தொப்புள் மட்டத்துக்கு ஏற்றிக் கட்ட வேண்டும். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். அந்தப் பையன் கால்சட்டைப் பழக்கத்தில் கீழே இறக்கிக் கட்டிவிட்டான். அதுதான் பெரியம்மாவின் கண்ணில் பட்டது.

மேல் மடிப்பின் திறந்த ஓரம் வலப்பக்கம் வரும். அதன் கீழ் மூலையில் ஓர் அலங்கார ஊக்குக் குத்துவார்கள். அதை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுக்கும், கிழியும். ஊக்கு விஷயத்தில் ஊருக்கு ஊர் ஒரே கதைதான் போலும். கில்டுக்குப் பை கிடையாது. அதனால் முன்னால் ‘ஸ்போரன்’ என்ற தோல் பை தொங்கும். நடனம் ஆடும்போது அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்வார்கள். காலுறையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே மடித்துவிட வேண்டும். அதில் ஒரு சின்னக் கத்தியின் பிடி எட்டிப் பார்க்கும். அதுவும் உடையில் சேர்ந்ததுதான், பயப்பட வேண்டாம். பகல் கல்யாணத்துக்குச் சாதாரணக் கோட்டு, இரவு விருந்துக்குக் கறுப்புக் கோட்டும் வில்போல் முடிந்த கழுத்துப் பட்டையும். உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் தடவிச் சேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முழங்கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். பாவாடை கட்டிப் பழகிய நமக்கு இது சொல்லாமலே தெரியும்; பாவம், ஆண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. வம்சம் இல்லாத விருந்தாளி பொதுவான கட்டங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டால் குற்றம் இல்லை. விலை அதிகம் என்பதால் அந்த ஊர்க்காரர்களிலேயே பலர் கல்யாணத்துக்கு வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். ஆமாம், அங்கேயும் எத்தனையோ பையன்களுக்குக் கட்டத் தெரியாது. வாடகைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்.

தெரியாமல் போனதற்கு அவர்களுக்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. 1746-ல் அரசருக்கு எதிரான கலகம் அடக்கப்பட்டதும், மலைநாட்டு உடையை ஆண்கள் உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். முதல் தடவை உடுத்தினால் ஆறு மாதம் சிறை. இரண்டாம் தடவை என்றால் ஏழு வருஷம் கடல் கடந்த தண்டனை. அரசாங்கப் பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். முப்பத்தாறு வருஷம்! ஒரு தலைமுறை கில்ட் கட்டாமலே வளர்ந்து தகப்பன்மார்களும் ஆகிவிட்டது. பிறகு 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவுக்கு வந்து கில்ட் கட்டிக்கொண்டார். அளவு குட்டையாகப் போய், உள்ளே ரோஜா நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டாராம். நம் பூப்போட்ட அரைக்கால் சட்டை மாப்பிள்ளைக்கு அரச குலத்திலேயே முன்னோடி இருந்திருக்கிறார்!

வேஷ்டியை நம் ஊரில் யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஆனால் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேஷ்டி கட்டிக்கொண்டு போனார். உடை விதிப்படி இல்லை என்று உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு! சட்டசபையில் பேச்சு எழுந்தது. ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது. வேஷ்டி கட்டியவரைப் பொது இடத்தில் நுழையவிடாமல் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பது அதன் சாரம். வாசலில் தடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. கட்டத் தெரியாதவனை யார் கட்ட வைப்பது?

அதே 2014-ல்தான் எண்ணூர்த் துறைமுகத்துக்குக் காமராஜர் பெயரை வைத்தார்கள். 1966-ல் சோவியத் நாட்டுக்கே வேஷ்டியோடு போய்வந்தவர் அவர். “அவர் பெயரில் இருக்கிற துறைமுகத்தில் சம்பளம் வாங்குகிறாய், உனக்கு வேஷ்டி கட்டத் தெரியவில்லையே” என்று தம்பியைக் கேலி செய்தேன். “அக்கா, ஒரு நாள் வேட்டி கட்டிக்கிட்டு கிரேன் ஏணியில ஏறிப் பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஷிப்டு முடிந்து வந்ததும் குளித்துவிட்டு வேஷ்டி கட்டிக்கொள்கிறான். முதல் மூன்று வாரம் பெரியம்மா எதிரில் உட்கார்ந்து, “பின்னாலே மையம் பாரு, பின்னாலே மையம் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். நாலாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நான் கிளம்பும்போது பெரியம்மா ஒரு சமாச்சாரம் சொன்னாள். வைகாசியில் எதிர் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேஷ்டி கட்டிவிட வரவேண்டும் என்று அந்த வீட்டம்மாள் பாக்கு வெற்றிலையோடு வந்து பெரியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

“போகப் போறீங்களா பெரியம்மா?” என்று கேட்டேன்.

“பையனைத்தான் அனுப்பலாம்னு இருந்தேன்” என்றாள். கொடியில் கிடந்த பெரியப்பாவின் வேஷ்டியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள். “எதுக்கும் நானும் கூடப் போய் நிக்கறேன். அவன் இன்னும் உள் நுனியைத் தூக்கிச் செருக மறந்துடறான்.”